ஒரே கேள்வி, ஐந்து மேசைகள்: நகரத் தரவு ஆய்வில் எங்கே போய் உட்காருவது?

"பைத்தான் தெரியும், புள்ளியியல் தெரியும், ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்ய வேண்டும். பிஎச்டி சேரட்டுமா, தொண்டு நிறுவனத்துக்குப் போகட்டுமா, அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டுமா?" ஏறக்குறைய இதே சொற்களில் இந்தக் கேள்வி மாதம் ஒரு முறையாவது என்னிடம் வந்துவிடுகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கைந்து வருடம் உழைத்துச் சலித்தவர்கள். மீதிப் பேர் புள்ளியியலிலோ பொருளியலிலோ முதுகலை முடித்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று வீட்டில் கேட்பதற்குப் பதில் தேடிக்கொண்டிருப்பவர்கள்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நகரத்தைப் பற்றி உங்களை உறுத்தும் கேள்வி எது? பெரும்பாலும் பதில் வருவதில்லை. அதனால் ஒரு கேள்வியை நானே கடன் கொடுத்துவிடுகிறேன். மழை கொட்டினால் சென்னையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள்? இந்தத் துறைக்குள் நுழையும் ஐந்து வழிகளை ஐந்து மேசைகளாக வைத்துக்கொண்டு, இந்த ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தால், வேலை விளம்பரத்தில் சொல்லாத விஷயங்கள் தெரியவரும்.

எதை வைத்து அளப்பது

சம்பளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது, தரவு யார் கையில் இருக்கிறது என்பது. நியூயார்க் நகரம் தன் தரவுத் தொகுப்புகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று 2012-இல் சட்டமே போட்டுவிட்டது. அங்கே ஒரு மாணவி காப்பி ஆறுவதற்குள் பல வருடப் புகார்களைப் பதிவிறக்கிவிடலாம். நம்மிடம் தரவைப் பெறுவதே பாதி வேலை. யாரை, எந்த அறையில், எந்தக் கடிதத்தோடு பார்ப்பது என்று தெரிந்தவருக்கு ஒரு வாரம் ஆகும் காரியம், தெரியாதவருக்கு ஒரு வருடம் ஆகலாம்.

கையில் கிடைத்த தரவும் சொன்னபடி கேட்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சென்னையை 174 சதுர கிலோமீட்டர் ஊராக எண்ணியது. அதே வருடம் மாநகராட்சியின் எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. ஆக, மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு வரும் புகார்கள் இன்றைய வார்டுக் கணக்கில் இருக்கின்றன, குடும்ப விவரங்களோ பழைய எல்லைக் கணக்கில் இருக்கின்றன. இரண்டையும் ஒட்டவைப்பதற்குள் முதல் ஆறு மாதம் ஓடிவிடும். அது முடிந்தாலும் இன்னொரு பள்ளம் காத்திருக்கும். நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அடுக்குமாடிகளில் குடியேற்றிய பெரும்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. சென்னை மாநகராட்சியின் வார்டுப் பட்டியலில் அதற்கு எண்ணே கிடையாது. மாநகராட்சிப் புகார்களை மட்டும் வைத்து வெள்ள வரைபடம் வரைந்தால் பெரும்பாக்கம் வெள்ளைத்தாளாகத் தெரியும், துளி ஈரமும் இல்லாத நிலம் போல. இந்த வெள்ளைத்தாளைப் பார்த்துச் சந்தேகப்படத் தெரிந்தவர்தான் இந்தத் துறைக்கு வேண்டியவர்.

இரண்டாவது, நீங்கள் கண்டுபிடித்த பதிலை வைத்து யார் என்ன செய்வார் என்பது. பதில் ஆய்விதழோடு முடியுமா, ஒரு பொறியாளரின் மேசைக்குப் போகுமா? மூன்றாவது, பிடிக்காத பதிலை உங்கள் பெயரோடு வெளியிட முடியுமா என்பது. நான்காவது பணமும் வருடங்களும். ஐந்தாவது, அந்த வழி சரிப்படாவிட்டால் திரும்பி வரக் கதவு இருக்கிறதா என்பது.

கருவிகளை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. எந்த மேசைக்குப் போனாலும் அதே பைத்தான், வரைபடத்துக்கு அதே க்யூஜிஐஎஸ் மென்பொருள், கடைசியில் அதே எக்செல்தான்.

முதல் மேசை: பிஎச்டி

பணக்கணக்கை முதலில் முடித்துவிடலாம். 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், சீனியர் நிலைக்கு உயர்ந்தால் 42,000, வாடகைப்படி தனி. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தவர்களுக்கு 70,000-இல் தொடங்கி 80,000 வரை போகும், ஆனால் அதற்குப் போட்டி கடுமை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, அதற்கு மேல் நீட்டிப்பு. மூன்று வருடத்தில் முடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஐந்து என்று போட்டுக்கொண்டு வீட்டில் பேசுங்கள்.

தரவைப் பொறுத்தவரை பெரிய கல்வி நிறுவனத்தின் கடிதத் தலைப்புக்குத் தனி மரியாதை உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காக உருவான சி-ஃப்ளோஸ் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பில் ஐஐடி பாம்பே, ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் கைகோத்தன. சாலை விபத்துகளைக் காவலர்கள் கைபேசியிலேயே பதியும் ஐராட் தரவுத்தளத்தை ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்தது. இப்படிப்பட்ட திட்டம் நடக்கும் ஆய்வகத்தில் இடம் கிடைத்தால், வெளியில் இருப்பவர் வருடக்கணக்கில் கேட்டும் பெற முடியாத தரவு முதல் வாரத்திலேயே உங்கள் கணினிக்கு வந்துவிடும். பக்கத்து ஆய்வகத்தில் சேர்ந்திருந்தால் வராது. அதனால் கல்லூரிப் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். நெறியாளரைப் பார்த்துச் சேருங்கள். அவருடைய பழைய மாணவர்கள் இருவரிடம் தனியாகப் பேசுங்கள்.

துறையும் கேள்வியை மாற்றிவிடும். நம் மழைக்கேள்வியோடு கணினித் துறைக்குள் நுழைந்தால் இரண்டாம் வருடம் அது "செயற்கைக்கோள் படத்திலிருந்து நீரைப் பிரித்தறியும் மேம்பட்ட முறை" என்று ஆகியிருக்கும். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்ற பாதி சத்தமில்லாமல் உதிர்ந்திருக்கும். அடையாற்றில் 1971 முதல் இயங்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சமூக அறிவியல் இடங்களில் அந்தப் பாதிதான் முதலில் பேசப்படும். அங்கே நீங்கள் எழுதும் நிரலைச் சரிபார்க்க ஆள் கிடைப்பது கடினம். சிவில் துறைகளின் போக்குவரத்து, நீரியல் பிரிவுகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. இந்தக் கேள்விக்கு என் ஓட்டு அவற்றுக்கே.

மறைவான செலவு காலம்தான். நண்பர் ஒருவர் ஒரு பேட்டையின் மழைநீர் வடிகாலைப் பற்றி எழுதிய கட்டுரை ஆய்விதழில் வெளிவந்தபோது, அந்த வடிகாலையே இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டிருந்தார்கள். கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மற்றபடி, பிடிக்காத பதிலைச் சொல்லும் சுதந்திரம் இந்த மேசையில்தான் அதிகம்.

வெளிநாடு? நியூயார்க் பல்கலைக்கழகம் 2012-இல் நகர அறிவியலுக்கென்றே தனி மையம் தொடங்கியது. சிகாகோவில் 2013-இல் பிறந்த 'சமூக நன்மைக்கான தரவு அறிவியல்' கோடைத் திட்டம் பிறகு கார்னகி மெலனுக்குப் போனது. படிப்பு தரமானது. ஆனால் தரவு தட்டில் வரும் ஊரில் பழகியவர், திரும்பி வந்து ஒரு பிரிவு அலுவலகத்தின் வாசலில் உட்காரப் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

இரண்டாவது மேசை: கொள்கை ஆய்வு நிறுவனம், தொண்டு நிறுவனம்

நான் அதிக காலம் உட்கார்ந்திருந்த மேசை இது. அதனால் கொஞ்சம் சார்பு இருக்கும், தள்ளுபடி செய்து படியுங்கள்.

நகரங்களைப் பற்றி ஆய்வும் கல்வியும் நடத்தும் பெங்களூரின் ஐஐஎச்எஸ், வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் களத்தில் சோதித்துப் பார்க்கும், சென்னையில் 2007 முதல் தெற்காசிய அலுவலகம் வைத்திருக்கும் ஜே-பால், நடைபாதைகளிலும் பஸ்களிலும் கவனம் செலுத்தும் ஐடிடிபி போன்றவை இந்த வகை. விளம்பரத்தில் "தரவு ஆய்வாளர்" என்று இருக்கும். சேர்ந்த பிறகு செய்வது: வினாத்தாள் எழுதுவது, அதைத் தமிழில் சரியாகப் பெயர்ப்பது, களப்பணியாளர்கள் நிரப்பி அனுப்பியதைத் தினமும் இரவில் சரிபார்ப்பது, ஒரே ஆள் பத்து நிமிடத்தில் ஐந்து வீட்டை முடித்திருந்தால் மறுநாள் அவரோடு பேசுவது. கணிப்பு மாதிரிகள் கட்டும் நாள் வருடத்தில் பத்து வரலாம். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சுளிக்காதவருக்கு இங்கே கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. தமிழ்நாட்டு நகரங்களின் கழிவுநீர் மேலாண்மைக்காக ஐஐஎச்எஸ் மாநில அரசோடு சேர்ந்து திருச்சியிலும், கோவைப் பக்கத்துப் பேரூராட்சிகளான பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையத்திலும் வேலை செய்தது. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி எப்போது நிரம்புகிறது, லாரி யாருடையது, எங்கே போய்க் கொட்டுகிறது போன்ற கேள்விகளுக்கு எந்தத் தரவுத்தளத்திலும் பதில் இருக்காது. நடந்து போய்க் கேட்டு, அளந்து உருவாக்க வேண்டும். நம் மழைக்கேள்வியும் அப்படித்தான். சுவரில் தண்ணீர் நின்ற கறை எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்த ஐம்பது வீட்டுக் குறிப்பு, சில நேரம் செயற்கைக்கோள் படத்தைத் திருத்திவிடும்.

அரசின் தரவு வேண்டுமென்றால், அது அரசோடு உள்ள புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் மூலம் வரும். ஒப்பந்தம் முடிந்த நாளில் குழாயும் மூடிக்கொள்ளும். பதில் பொறியாளர் மேசைக்குப் போக நல்ல வாய்ப்பு உண்டு. பிடிக்காத பதிலையும் சொல்லலாம், ஆனால் எந்தச் சொல்லில் சொல்வது என்று நான்கு கூட்டம் நடக்கும். "தோல்வி" என்று நீங்கள் எழுதியது "மேம்பாட்டுக்கு வாய்ப்புள்ள பகுதி" என்று அச்சாகும்.

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். உங்கள் சம்பளம் ஒரு திட்டத்தின் நிதியிலிருந்து வருகிறது. நிதி தருபவருக்கு இந்த வருடம் தண்ணீரில் அக்கறை, அடுத்த வருடம் வெப்ப அலையில். நீங்களும் கூடவே மாற வேண்டும். வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பைப் பாதியிலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொன்றுக்குப் பகிர்வதையும் தடை செய்தது. டெல்லியின் கொள்கை ஆய்வு மையம் பல பத்தாண்டுப் பெயர் பெற்ற நிறுவனம். 2023 பிப்ரவரியில் அதன் வெளிநாட்டு நிதி அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது, 2024 ஜனவரியில் ரத்தானது. ஆட்கள் பெருமளவில் வெளியேற நேர்ந்தது. ஆகவே நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: என் பதவிக்கான நிதி எந்த மாதம் வரை இருக்கிறது?

மூன்றாவது மேசை: அரசு

தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (ஃபெல்லோஷிப்) 2022-இல் தொடங்கியது. இரண்டு வருடம், திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பொறுப்பைப் பார்க்கிறது. இதைத் தவிர மின்னாளுமை முகமை, மாநிலத் திட்டக்குழு போன்ற இடங்களிலும் ஒப்பந்தப் பணிகள் அவ்வப்போது வருகின்றன.

தரவு உள்ளே இருக்கிறது என்பது இந்த மேசையின் ஈடற்ற பலம். 2021 மே மாதம் தொடங்கிய பெண்களின் கட்டணமில்லாப் பஸ் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்காவிட்டாலும் டிக்கெட் கிழிக்கப்படுவதால், ஒரு நலத்திட்டம் தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டு போகிறது. ஆனால் டிக்கெட் எண்ணுவது பயணங்களை. ஒரே அக்கா காலையிலும் மாலையிலும் ஏறினால் இரண்டு டிக்கெட். ஏறியவர் யார், மிச்சமான பணம் எங்கே போனது என்பதை டிக்கெட் சொல்லாது. மாநிலத் திட்டக்குழு பெண்களிடமே கேட்டுத்தான் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்ற கணக்குக்கு வந்தது. உள்ளே இருப்பவர் இந்த இரண்டு தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். பதில் சரியாக இருந்தால் ஒரு வாரத்தில் ஆணையாகவே வெளிவரவும் கூடும். பிஎச்டி மேசையில் ஐந்து வருடத்தில் நடக்காதது அது.

விலை? வாய். கண்டுபிடித்ததை வெளியே சொல்ல முடியாது. சென்னை வெள்ளத் தணிப்புக்காக ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் 2021-இல் அமைந்த குழு, 2023 மார்ச்சில் முதல்வரிடம் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. கொடுத்த கையோடு அது பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. மூத்த நிபுணர்களின் அறிக்கைக்கே அப்படியென்றால் உங்கள் பவர்பாயிண்ட் எம்மாத்திரம்? இன்னொரு விலை, இடமாற்றம். உங்களை நம்பி வேலை கொடுத்த அதிகாரி வேறு துறைக்குப் போனால், அடுத்து வருபவர் கேட்கும் முதல் கேள்வி "நீங்கள் யார்?" என்பதாக இருக்கும். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச் 31-இல் முடிந்தது. அதைச் சார்ந்து ஒப்பந்தத்தில் வேலைக்குப் போனவர்களுக்கு அதுவே காலண்டர்.

நான்காவது மேசை: கம்பெனி

ஆலோசனை நிறுவனங்கள், டெண்டர் எடுத்து நகரக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு மென்பொருள் செய்பவர்கள், வாடகைக்கார் செயலிகள். சம்பளம் முதல் மூன்றையும் தாண்டும். தரவு ஏராளம், ஆனால் உங்களுடையது அல்ல; ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு நீங்கள் செய்த நல்ல வேலையை அடுத்த நேர்காணலில் காட்டக்கூட முடியாது. ஆலோசனை வேலை பார்த்த காலத்தில் ஒரு நகரத்துக்காகத் தண்ணீர் தேங்கும் இடங்களைக் காட்டும் திரைப்பலகை (டாஷ்போர்டு) செய்தேன். கூட்டத்துக்கு முந்தின இரவு தொலைபேசி வந்தது: "சிவப்பு நிறைய இருக்கிறது, ஆரஞ்சு ஆக்கிவிடுங்கள்." ஆக்கினேன். கடன் இருந்தது.

கல்விக்கடன் இருப்பவர்கள் இங்கே இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு நகர்வதில் எந்த அவமானமும் இல்லை.

ஐந்தாவது மேசை: வீட்டுச் சாப்பாட்டு மேசை

இருக்கும் வேலையை விடாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது. சிரிக்காதீர்கள். 2011-இல் தொடங்கிய டேட்டாமீட் என்ற தன்னார்வக் குழு, இந்திய நகரங்களின் வார்டு வரைபடங்களைத் திரட்டி எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அதில் பலரும் பகல் வேலை பார்ப்பவர்கள். நானும் வேறு பல ஆய்வாளர்களும் அவற்றைத்தான் எடுத்தாண்டோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். பதில் ஸ்கேன் செய்த காகிதமாக, சாய்ந்த அட்டவணையாக வரும். அதைத் தட்டச்சு செய்யும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே இந்த மேசையில் ஆறு மாதம் உட்காரலாம். கிடைத்த பட்டியலில் புகார் கொடுத்தவரின் பெயரோ கைபேசி எண்ணோ இருந்தால் முதலில் அழித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

செலவு உங்கள் வார இறுதிகள். பொறுப்பேற்க ஆள் இல்லாததால் பாதியில் நின்றுபோகும் அபாயமும் உண்டு.

ஒரு பார்வையில்

| மேசை | தரவு | பதிலை யார் எடுப்பார் | வெளியே சொல்லலாமா | பணம் | திரும்பும் கதவு |
|---|---|---|---|---|---|
| பிஎச்டி | நெறியாளரைப் பொறுத்து | ஆய்விதழ், சில நேரம் அரசு | தாராளமாக | குறைவு, நீண்ட காலம் | எல்லாப் பக்கமும் திறக்கும், தாமதமாக |
| ஆய்வு நிறுவனம் | நீங்களே உருவாக்குவது | அரசு, நிதி தருபவர் | சொல் பார்த்து | நடுத்தரம், நிச்சயமில்லை | பிஎச்டிக்கும் அரசுக்கும் நல்ல வழி |
| அரசு | உள்ளேயே | அதிகாரி, உடனே | முடியாது | நடுத்தரம், காலவரையுடன் | ஆலோசனை நிறுவனங்களுக்கு எளிது |
| கம்பெனி | ஏராளம், பூட்டிவைத்தது | வாடிக்கையாளர் | முடியாது | அதிகம் | வசதி பழகிவிட்டால் கதவு தெரியாது |
| வீடு | பொதுவெளியில் உள்ளது | பத்திரிகை, குடியிருப்போர் சங்கம் | தாராளமாக | இல்லை | வெளியேறவே தேவையில்லை |

யாருக்கு எது

முதுகலை முடித்த கையோடு வருபவர் நேரே பிஎச்டிக்குப் போவதை நான் ஊக்குவிப்பதில்லை. இரண்டு வருடம் இரண்டாவது மேசையில் இருந்து, வினாத்தாளோடு வெயிலில் நடந்துவிட்டுப் போனால், ஐந்து வருடம் கூடவே இருக்கக்கூடிய கேள்வி கையில் இருக்கும். பாடம் நடத்துவதில் ஆசை உள்ளவருக்கு மட்டும் விதிவிலக்கு. அவருக்கு முனைவர் பட்டம் எப்படியும் தேவை. மென்பொருள் வேலையில் சலித்தவர் முதலில் ஐந்தாவது மேசையைச் சோதிக்கட்டும். ராஜினாமாக் கடிதத்தை விட அந்தப் பத்து ரூபாய்க் கட்டணம் மலிவு. அரசு மேசை, ஒரே ஒரு காரியத்தையாவது நடத்திக் காட்ட வேண்டும், பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை என்று உண்மையாகவே நினைப்பவருக்கு. அப்படி நினைப்பதாகச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், உங்களை நீங்களே இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று முடிவெடுப்பவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். எண்ணி, சரிபார்த்து, வார்டு அளவில் அட்டவணைகள் வெளிவர அதற்கு மேலும் காலம் ஆகும். இப்போது பிஎச்டி சேர்பவர் முதல் பாதியை 2011-இன் எண்களோடு கழித்துவிட்டு, ஆய்வேடு எழுதும் நேரத்தில் புதிய எண்கள் வந்து எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டிய நிலைக்கு ஆளாகலாம். இரண்டு வருடம் களத்தில் இருந்துவிட்டுச் சேர்பவர், புதிய அட்டவணைகள் திறக்கும் சமயத்தில் உள்ளே நுழைவார்.